இரண்டு கிலோ கடன்

நான் ஆறு வருசம் இயற்கை உழவனாக இருந்திருக்கிறேன், நோட்டுப் புத்தகத்தில் மட்டும். வயலில் அந்த ஆறு வருசமும் யூரியா, டி.ஏ.பி., பொட்டாசு, குருத்துப்பூச்சிக்குக் குருணை மருந்து என்று எல்லாம் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. நோட்டில் அமுதக்கரைசல், பஞ்சகவ்யம், பலதானிய விதைப்பு என்று அளவோடும் நாள் கணக்கோடும் கீழே கோடு போட்டு எழுதி வைத்திருப்பேன். அப்படி ஐந்து நோட்டு. ஐந்தாவதுக்கு என் மகள் பழுப்பு அட்டை போட்டு, 'இயற்கை விவசாயம் - அப்பா' என்று பெயர்ச்சீட்டும் ஒட்டிக் கொடுத்தாள். அவள் அப்போது ஆறாம் வகுப்பு. அது ஏதோ ஒரு பாடம், அப்பா பரீட்சைக்குப் படிக்கிறார் என்று அவளுக்கு நினைப்பு. ரொம்பத் தப்பாகவும் நினைக்கவில்லை.

இந்த இதழை வாசிக்கிறவர்களில் என்னைப்போல் நோட்டில் உழுகிறவர்கள் சிலராவது இருப்பீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே சேற்றில் இறங்கிவிட்டவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது மேலே தஞ்சாவூர்ப் பக்கம் நடவு பச்சை பிடித்திருக்கும். சொந்த நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அப்பா காலத்தில் ஏ.டி.டி. 27, என் காலத்தில் சி.ஆர். 1009. மாடு ஒன்று, தென்னை முப்பது சொச்சம், கடன் தேவையான அளவு.

நம்மாழ்வார் ஐயா பேசிய கூட்டங்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிவிட்டு வந்த மனிதர், சட்டை இல்லாத உடம்போடும் அந்தத் தாடியோடும் நின்று பேச ஆரம்பித்தால் கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியும். நாளைக்கே உர மூட்டையைத் தூக்கித் தெருவில் போட்டுவிட வேண்டும் என்று இருக்கும். பேருந்தில் ஏறி உட்காருகிறவரை அந்தச் சூடு அப்படியே இருக்கும். திருத்துறைப்பூண்டியில் இறங்கி டீ குடிக்கும்போது பாதி ஆறியிருக்கும். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது, "உரக்கடைக்காரர் ஆள் அனுப்பிச்சிருந்தாருங்க" என்று மனைவி சொல்வாள். மீதிச் சூடும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

ஐயா பேச்சில் குறை ஏதும் இல்லை. கேட்கிறவன் வீட்டில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடவுக்கு முன்னால் உரம், மருந்து எல்லாம் கடையில் கடன். தை, மாசியில் நெல் போட்டு அடைக்க வேண்டும். முழுசாக அடைத்ததாக ஒரு வருசமும் ஞாபகமில்லை. கொஞ்சம் மிச்சம் நிற்கும், அது அடுத்த பட்டத்துக்குத் தாவும். 2013-இல் அந்த மிச்சம் 23,000 ரூபாய். கடைக்காரர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது வெளியே வந்திருப்பேன். மகளுக்குக் காய்ச்சல் என்று இராத்திரி பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டியபோது ஏன் எதற்கு என்று கேட்காமல் பணம் எடுத்துக் கொடுத்தவர் அவர். பழைய பாக்கியை வைத்துக்கொண்டு, 'இந்த வருசம் உங்க உரம் வேணாம்' என்று எந்த முகத்தோடு சொல்வது? மனைவியின் இரட்டை வடச் சங்கிலி வேறு அடகில் இருந்தது.

இதற்கு நடுவே, 'ஏக்கருக்கு இலட்சம்' கட்டுரைகள். கையில் பப்பாளியோ கரும்போ பிடித்துக்கொண்டு ஒருவர் சிரிப்பார். எனக்கு அவற்றைப் படிக்கப் படிக்க ஊக்கம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. இவருக்கு முடிந்திருக்கிறது, நமக்கு அந்தத் தெம்பு இல்லை என்று தோன்றும். உடனே நோட்டை எடுத்து அவர் செய்ததை எழுதி வைத்துக்கொள்வேன். எழுதி முடித்ததும் ஏதோ வேலை செய்து முடித்த களைப்பும் வரும். அந்தக் களைப்புத்தான் மோசம். வயலுக்குப் போகவேண்டிய தேவையையே அது தீர்த்துவிடுகிறது.

முதலில் பயம் போகட்டும், மனசு ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் இறங்கலாம் என்றுதான் ஆறு வருசமும் காத்திருந்தேன். பயம் எங்கேயும் போகவில்லை. எனக்கு முன்னால் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தது.

2013 மே மாதம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா. கட்டிமேடு ஜெயராமன், எல்லாருக்கும் நெல் ஜெயராமன், 2006-இலிருந்து நடத்திவந்த விழா. அங்கே ஒரு முறை உண்டு, பலருக்கும் தெரிந்திருக்கும். ஒருவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார்கள். காசு இல்லை. அடுத்த வருசம் விளைவித்து நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் தேடித்தேடிச் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட இரகங்கள் ஊர் ஊராகப் பரவியது இந்த இரண்டு கிலோ, நான்கு கிலோ கணக்கில்தான்.

நான் விதை வாங்கப் போகவில்லை. ஆறாவது நோட்டோடு போனேன்.

விதை வாங்க வந்தவர் என் பக்கத்து வயல் பெரியப்பா. உறவு இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். வரிசையில் நின்றுகொண்டிருந்தவர், "செத்த நில்லுடா, தண்ணி குடிச்சுட்டு வந்துர்றேன்" என்று போனார். போனவர் யாரையோ பார்த்துப் பேச உட்கார்ந்துவிட்டார். வரிசை நகர்ந்தது. மேசைக்கு முன்னால் வந்து நின்றேன். அங்கே இருந்த தம்பி தலையை நிமிர்த்தாமலே, "பேரு?" என்றார். 'நான் வேறொருவருக்காக நிற்கிறேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என் பெயர். ஊர், அப்பா பெயர், செல்பேசி எண். மாப்பிள்ளைச் சம்பா, 2 கிலோ. "அடுத்த வருசம் நாலு கிலோ, அண்ணே" என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பெரிய தீர்மானம் எதுவும் எடுக்கவில்லை. இன்றைக்கும் யாராவது, 'எப்படித் துணிஞ்சு இறங்குனீங்க' என்று கேட்டால் இந்த இடத்தில் எனக்குச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். பெரியப்பாவுக்குத் தாகம் எடுத்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பையை உத்திரத்தில் மாட்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "என்ன நெல்லு இது?" என்றாள். சொன்னேன்.

"ரெண்டு கிலோவுக்கு நாலு கிலோவா? நூத்துக்கு நூறு வட்டி! நகைக்கடனே தேவல போலருக்கே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்குக் கடன் என்றால் உறக்கம் வராது. அதுவும் ஊர் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடன். நான்கு நாளைக்கு ஒருமுறை உத்திரத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். என் ஐந்து நோட்டுக்களும் செய்யாத வேலையை அந்தப் பார்வை செய்தது. "ஒரு மா விடுங்க. போனா போவுது, அஞ்சு மா இருக்குல்ல?" என்று கணக்கைப் போட்டதும் அவள்தான். ஆறு மாவையும் மாற்றுவதா வேண்டாமா என்றுதான் நான் ஆறு வருசமாக யோசித்திருக்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெரிதாக நினைப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது: எதையும் தொடங்க வேண்டியதில்லை.

குளத்தடி மாவை ஒதுக்கினோம். வைகாசி மழை ஈரத்தில் தக்கைப்பூண்டு ஏழு கிலோ விதைத்தோம். சூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, அந்தக் காலத்தில் அது வழக்கமாகிவிட்டிருந்தது. ஆடிக்குப் பிறகு தண்ணீர் வந்ததும் பூவும் பிஞ்சுமாக நின்ற தக்கைப்பூண்டை மடக்கி உழுதோம். ஆவணி பிறந்ததும் உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு, அது காலணா அளவு வெளியே தெரிகிற பதத்தில் நெல்லைக் கொட்டி, மிதந்த பதரை அள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் கழுவி ஊறவைத்துச் சாக்கில் முளை கட்டினோம். மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதைவிட்டுப் பழகிய கைக்கு அந்த நெல் சாமிக்குப் படைக்கிற அளவு மாதிரி இருந்தது. ஒற்றை நாற்று நடவு என்றால்தான் அது போதும். அதற்கும் நோட்டில் பக்கம் இருந்தது: பதினான்கு, பதினைந்து நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, பக்கத்துக்குப் பக்கம் 25 செ.மீ.

நடவுக்கு வந்த அக்காமார்கள் நாற்றைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துவிட்டார்கள்.

"தம்பி, இது நாத்தா, புல்லா? பால்குடி மறக்காத புள்ளயப் பிடுங்கி இப்படி வெயில்ல விடலாமா?"

"ஒன்னு ஒன்னாத்தான் வைக்கணும்க்கா."

"ஒத்த நாத்தா! காத்தடிச்சா கரைக்குப் போயிரும்யா."

ஆனாலும் வைத்தார்கள். கயிறு பிடித்து, என்னைத் திட்டிக்கொண்டே, நேர்த்தியாக வைத்தார்கள். சாயங்காலம் கரையில் நின்று பார்த்தால் வயலில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. மறுநாள் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று, "சேறெல்லாம் அடிச்சு வச்சிருக்கீங்க, நடவு எப்ப?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்.

இனிமேல் சொல்வது இதுவரை வெளியில் அதிகம் சொல்லாதது.

நட்ட இருபத்தைந்தாம் நாள். சுற்றி எல்லார் வயலும் கரும்பச்சையாக மூடிவிட்டது. என் வயல் வழுக்கைத் தலையில் நாலு முடி மாதிரி. ஒற்றை நாற்று முப்பது, முப்பத்தைந்து நாளைக்கு மேல்தான் தூர் வெடிக்கும் என்று நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியது ஒரு பக்கம், பார்ப்பது ஒரு பக்கம். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் ஒருவர், "குளத்தடியில மாடு மேய விட்டிருக்கானாம்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மற்ற ஐந்து மாவுக்கென்று வாங்கிய யூரியா வீட்டில் இருந்தது. இராத்திரி பதினோரு மணிக்கு மேல், மனைவியும் மகளும் தூங்கியபிறகு, அன்னக்கூடையில் பதினைந்து கிலோ அளவில் அள்ளிக்கொண்டு போனேன். டார்ச்சில் பேட்டரி மங்கல். சொந்த வயலுக்குள் திருடன் மாதிரி இறங்கி, சத்தம் வராமல் வீசினேன். குளத்தோரம் ஒரு மூலை, நாணல் புதரை ஒட்டியது, பத்துக் குழி இருக்கும். போன வாரம் அண்டை வெட்டும்போது அங்கே ஒரு நல்ல பாம்பைப் பார்த்திருந்தேன். அந்தப் பக்கம் போகவில்லை. தூர நின்று வீசவும் மனசு வரவில்லை. விட்டுவிட்டுக் கரையேறினேன். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. முதல் தடவை நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டாம் தடவை அதுவும் இல்லை.

பயிர் கருகரு என்று வந்தது. மாப்பிள்ளைச் சம்பா இயல்பிலேயே உயரம். இது என் நெஞ்சைத் தாண்டியது. மனைவி கரையில் நின்று, "உங்க கரைசல் நல்லா வேல செய்யுது போலருக்கே" என்றாள். தலையை ஆட்டினேன். டீக்கடைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். என்ன போட்டே என்று கேட்டார்கள். 200 லிட்டர் தண்ணீர், பத்துக் கிலோ சாணம், மாட்டுக் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் என்று நோட்டில் இருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர்களில் ஒருவர் அதை எழுதிக்கொண்டும் போனார். மூலையில் வெளிறி நின்ற பத்துக் குழியைக் காட்டி இது ஏன் இப்படி என்று கேட்டவரிடம், "குளத்து மர நிழல்" என்றேன்.

அந்த வருசம் திசம்பர் 30. ஐயா போய்விட்டார் என்று செய்தி வந்தது. மீத்தேன் திட்டத்தை எதிர்த்துப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார், அங்கேயே முடிந்துவிட்டது. கரூர் மாவட்டம் கடவூரில் அவருடைய வானகத்தில் அடக்கம் என்றார்கள். எங்கள் பக்கத்திலிருந்து வண்டி பிடித்தார்கள். பெரியப்பா வீட்டுக்கே வந்து, "கிளம்புடா" என்றார். வயலில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. கதிர் பூத்துக்கொண்டிருந்தது, அதற்கு நான் செய்ய என்ன இருக்கிறது? போக முடியவில்லை, அவ்வளவுதான்.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் இராத்திரி ஒரு தூறல், கொஞ்சம் காற்று. பெரிய மழை ஒன்றும் இல்லை. பக்கத்து வயல்களில் குட்டை இரகம் ஆடிவிட்டு அப்படியே நின்றது. காலையில் குளத்தடிக்குப் போனேன். ஆள் உருண்டு புரண்ட பாய் மாதிரி வயல் முழுக்கப் படுத்துக் கிடந்தது. பால் பிடிக்கிற கதிர் சேற்றில். குளத்து மூலையில் பத்துக் குழி மட்டும், நட்டுவைத்த மாதிரி, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றது.

கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் புதுசு இல்லை, படித்ததுதான். நெட்டை நெல்லுக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் தாள் நீண்டு சோப்பாகிவிடும். கதிர் கனம் ஏறும்போது தாங்காது. 1966-இல் ஐ.ஆர். 8 வந்து குட்டை இரகங்கள் பரவியதற்கு இதுதான் முக்கியமான காரணம். வேதி உரத்தைத் தின்றுவிட்டுச் சாயாமல் நிற்க ஒரு குட்டைத் தாள் வேண்டியிருந்தது. நம் பழைய நெல்லுக்கு அந்தத் தீனியே வேண்டாம். மடக்கி உழுத தக்கைப்பூண்டு அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. மூன்றாவது நோட்டில் இது இருக்கிறது, போய்ப் பார்த்தேன். என்னுடைய கையெழுத்து. கோடு வேறு போட்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். இரண்டு தடவை யூரியா போட்டேன், இராத்திரியில் போனேன், பாம்புக்குப் பயந்து மூலையை விட்டேன், எல்லாம். அவள் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தாள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று பார்த்தேன்.

"மூலைல நிக்கிறதத் தனியா அறுங்க. அது அவங்க நெல்லு" என்றாள்.

தை கடைசியில் கை அறுப்பாகத்தான் அறுத்தோம். படுத்த தொண்ணூறு குழியில் அறுபது கிலோ மூட்டையாக மூன்று தேறியது. கொஞ்சம் கருக்காய், கொஞ்சம் முளைப்பு. நின்ற பத்துக் குழியைத் தனியாக அடித்து, தூற்றி, நிறுத்தால் 28 கிலோ. குழிக்குக் குழி கணக்குப் போட்டால் யூரியா போட்ட இடத்தைவிடப் போடாத இடம் கூடுதல். யாரும் எனக்கு இப்படி ஒரு சோதனைத் திடல் போட்டுக் காட்டியிருக்க முடியாது. பக்கத்தில் பக்கத்தில், ஒரே மண், ஒரே நாற்று, ஒரே நாள் நடவு. நடுவில் என் பயம் மட்டும் கோடு கிழித்திருந்தது. அந்தக் கணக்கை நோட்டில் எழுதவில்லை, மறக்காது என்று தெரியும்.

2014 மே. நான்கு கிலோவைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு ஆதிரெங்கம் போனேன். திருப்பித் தருகிறவர்களுக்குத் தனி மேசை. அங்கே இருந்தவர் போன வருசத்துத் தம்பி இல்லை, வயசானவர். பெயரைத் தேடிக் கோடு போட்டுவிட்டு, "எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். 'நல்லா வந்துச்சு' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லிவிட்டேன், முழுக்கதையும். பின்னால் வரிசை நிற்கிறது.

அவர் கையில் நெல்லை அள்ளிப் பார்த்தார். "ஆக, பாம்பு காவக் காத்த நெல்லு" என்றார். சிரித்துவிட்டு, "அந்தப் பாம்ப அடிச்சுறாதீங்க" என்று சொல்லிப் பையைத் தராசில் வைத்தார். அப்புறம் அடுத்த ஆள்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்தபோது உத்திரத்தில் இன்னொரு பை தொங்கியது. மூலை நெல்லில் மீதி 24 கிலோ, நொச்சி இலை போட்டுக் கட்டிவைத்தது. அதை என்ன செய்வது என்று எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஆவணி வந்தது, முளை கட்டினேன். இரண்டு மாவில் நட்டேன். அந்த வருசமும் இருபத்தைந்தாம் நாள் வயிற்றைக் கலக்கியது. டீக்கடைக்குப் போவதை ஒரு மாதம் நிறுத்திவிட்டேன். இது கோழைத்தனம் என்றால் இருக்கட்டும், வேலை செய்தது. யூரியா மூட்டையை மனைவி தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள், என்னை நம்பி வீட்டில் வைக்கவில்லை. நாற்பதாம் நாள் குத்துக்கு முப்பது தூருக்கு மேல் எண்ணினோம், அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை.

விளைச்சல் மாவுக்கு ஐந்து மூட்டை. சி.ஆர். 1009 பத்து, பதினொன்று தரும். இதை மறைத்து எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. பாதிதான் வந்தது. ஆனால் உரம், மருந்து என்று அந்த இரண்டு மாவுக்குக் கடையில் ஒரு வரி எழுதவில்லை. நெல்லாக விற்றால் கட்டாது, அரிசியாக்கினால்தான் கட்டும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதற்கு ஒரு போராட்டம். பெரிய ஆலையில் பத்து மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி கொல்லையில் அண்டா வைத்து அவித்து, காயவைத்து, ஏழு கல் தள்ளி ஒரு சின்ன மில்லில் இரண்டிரண்டு மூட்டையாக அரைத்துக்கொண்டு வந்தோம். சிவப்பரிசியை முதலில் வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? உரக்கடைக்காரர். அவருக்குச் சர்க்கரை, மருத்துவர் சொல்லியிருந்தாராம். பாக்கியில் கழித்துக்கொண்டார். மூன்றாம் வருசம் பாக்கி முழுக்கத் தீர்ந்தபோது, "நீ என்கிட்ட வாங்கறது போயி நான் உன்கிட்ட வாங்கறதா ஆச்சேப்பா" என்றார். முகத்தைப் பார்க்க முடியாது என்று நான் ஆறு வருசம் பயந்த அதே முகம்தான்.

ஆறு மாவும் மாற ஐந்து வருசம் ஆனது. சங்கிலியை 2017-இல் மீட்டோம். வெற்றி என்று சொல்ல இதுதான் இருக்கிறது, இலட்சம் எதுவும் இல்லை. யாரும் என்னைக் கையில் கதிரோடு படம் பிடிக்கவும் வரவில்லை.

2018 நவம்பர் 16 கஜா. எங்கள் பக்கம் என்ன ஆனது என்று புதிதாகச் சொல்ல வேண்டாம். முப்பது தென்னையில் நான்கு மிஞ்சியது. ஓடு பறந்துவிட்டது. அடுத்த மாதம் 6-ஆம் தேதி ஜெயராமன் இறந்த செய்தி வந்தபோது ஊரில் இன்னும் மின்சாரம் சரியாக வரவில்லை. அந்த நாட்களில் மனசு எப்படி இருந்தது என்று கேட்டால், மோசமாகத்தான் இருந்தது. ஆனால் விழுந்த மறுநாள் காலையில் எழுந்து இரம்பம் இரவல் கேட்கப் போனது ஞாபகம் இருக்கிறது. மனசு சரியாகட்டும் என்று காத்திருக்கவில்லை. கொல்லை வழியை அடைத்துக்கொண்டு மரம் கிடந்தது, மாட்டை வெளியே கொண்டுவர வேண்டும். முதலில் அந்த ஒரு மரம்.

என்னிடம் கேட்க வருகிறவர்களிடம் நான் இப்போது கரைசல் அளவு எல்லாம் முதலில் சொல்வதில்லை. எவ்வளவு போனால் வீடு தாங்கும் என்று கேட்பேன். கால் மா என்றால் கால் மா. வீட்டு அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்பேன். தெரியாமல் செய்கிற எதுவும் இராத்திரி பதினோரு மணிக்குத் திரும்பிப் போய்விடும், நான் போனவன். ஒரு மூலையையாவது வேறு மாதிரி விட்டுவைக்கச் சொல்வேன், ஒப்பிட்டுப் பார்க்க. பாம்பு இருந்தால் நல்லது.

போன சித்திரையில் ஒரு தம்பி வந்தான். பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் மூன்று வருசம் வேலை பார்த்துவிட்டு வந்தவன், அப்பா நிலம் மூன்று மா தரிசாகக் கிடக்கிறது. எனக்குத் தெரியாத கரைசல் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. செல்பேசியில் அடுக்கடுக்காகக் காணொளி சேர்த்து வைத்திருந்தான். இரண்டு மணி நேரம் பேசினான். "ஆர்வம் இருக்குண்ணே, ஆனா தொடங்கறதுக்கு ஒரு உந்துதல் வர மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் படிச்சுட்டு வர்ற வருசம்…" என்றான்.

மனைவி உள்ளே போய்த் தூயமல்லி இரண்டு கிலோ நிறுத்துக்கொண்டு வந்தாள். ஆறாவது நோட்டில் பாதி வெற்றுப் பக்கம்தான். அதில் இப்போது கடன் கணக்கு எழுதுகிறோம். அவன் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் பெயர், அப்பா பெயர், ஊர், எண் எல்லாம் எழுதிவிட்டேன். அவனுக்கு முன்னால் அதில் பதினேழு பேர். திருப்பித் தந்தது பன்னிரண்டு பேர்.

"அடுத்த வருசம் நாலு கிலோ" என்றேன்.

ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை போன் வந்தது.

"அண்ணே, முளை ஒரு பக்கம் வந்திருக்கு, இன்னொரு பக்கம் வரல. சாக்கு காஞ்சுபோச்சு போல. என்ன பண்றது?"

"வெதுவெதுப்பா தண்ணி தெளிச்சு, நல்லாப் புரட்டி, திரும்ப மூடி வைப்பா. மேல கொஞ்சம் வைக்கோல் போடு."

"வந்துருமாண்ணே?"

"சாயந்தரம் பாத்துட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போனேன்.